அப்பியா சாலையின் கல்லறைகளும் இறந்தவருக்குரிய கடனும்

அப்பியா சாலை கி.மு. 312-இல் போடத் தொடங்கிய சாலை. அந்த ஆண்டில் ரோமில் சென்சர் பதவி வகித்த அப்பியுஸ் கிளாடியுஸ் கேகுஸ் அதைத் தொடங்கிவைத்தார். சாலைக்கு வழங்கும் பெயரும் அவருடையதே. தெற்கே சாம்னியரோடு போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. படைகளை விரைந்து அனுப்ப நல்ல பாதை வேண்டியிருந்தது. முதலில் கப்புவா நகர் வரை சுமார் 195 கிலோமீட்டர் ஓடிய சாலை, பின்னர் பெனவெந்தோ, தாரந்தோ வழியாக ஆட்ரியாட்டிக் கரையிலுள்ள பிரிண்டிசித் துறைமுகம் வரை நீண்டது. கிரேக்கத்துக்கும் அதற்கு அப்பாலும் கப்பலேறப் போனவர்கள் இந்த வழியாகவே போனார்கள். இன்று அதன் பெரும்பகுதி தார்ச்சாலைக்கும் வயலுக்கும் அடியில் கிடக்கிறது. ரோமின் தெற்கு மதிலிலுள்ள புனித செபஸ்தியார் வாயிலில் தொடங்கிப் பிரத்தோக்கியே என்ற சிற்றூர் வரையுள்ள பகுதியில்தான் பழைய சாலையின் தோற்றத்தை ஓரளவு முழுமையாகக் காணலாம்.

சாலையின் அகலம் ரோமானிய அளவில் 14 அடி, அதாவது 4 மீட்டருக்குச் சற்றே அதிகம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று இடிக்காமல் கடந்துபோக அது போதும். தொடக்கத்தில் சரளை கொட்டிய பாதையாக இருந்ததைப் பின்னர் பலகோணமாகச் செதுக்கிய கருங்கல் பாளங்களால் பாவினார்கள். அந்தக் கல் அல்பன் மலைகளிலிருந்த எரிமலை சுமார் 2,60,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய குழம்பு உறைந்து ஆனது. குழம்பு ஓடி நின்ற மேட்டின் மீதே சாலையின் முதல் மைல்கள் செல்வதால் கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டிய வேலை இல்லை. பாளங்களில் வண்டிச் சக்கரம் அரைத்த பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன.

ஆனால் இந்தச் சாலையைப் பார்க்க வருகிறவரைக் கல்லைவிட அதிகமாக நிறுத்திவைப்பவை இரு ஓரங்களிலும் நிற்கும் கல்லறைகள். வட்டக் கோபுரமாகச் சில, செங்கல் மேடாகச் சில, முகங்கள் செதுக்கிய பலகையாகச் சில. இறந்தவரை ஒதுக்குப்புறத்தில் வைக்காமல், நாட்டிலேயே நடமாட்டம் மிகுந்த சாலையின் ஓரத்தில் வைத்த ஒரு சமூகம், இறந்தவருக்கு என்ன நேர்கிறது என்று நினைத்தது? உயிரோடிருப்பவர் அவருக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா? இல்லாத ஒருவருக்குக் கடன்படுவது என்பது பொருளுள்ள பேச்சுதானா? இந்தக் கேள்விகளை ரோமானியரே இந்தச் சாலையை உதாரணமாகக் காட்டி விவாதித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் வந்த கிறிஸ்தவர்கள் இதே சாலையின் மண்ணுக்கடியில் வேறொரு விடையைக் குடைந்து வைத்தார்கள்.

கல்லறைகள் சாலையோரத்துக்கு வந்ததற்கு முதல் காரணம் சட்டம். கி.மு. 450 வாக்கில் தொகுக்கப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம், நகருக்குள் பிணத்தைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்று விதித்தது. தீவிபத்து அச்சம் ஒரு காரணம் என்பார்கள். தீட்டு பற்றிய எண்ணமும் அதில் உண்டு. நகர எல்லை தெய்வங்களின் பெயரால் வகுக்கப்பட்டது. அதற்குள் சாவு நுழையக் கூடாது. விதிவிலக்குகள் மிகச் சில: வெஸ்தாக் கோயிலின் கன்னிப் பூசாரிகளுக்கு நகருக்குள் இடம் கிடைத்தது, பின்னாளில் பேரரசர் திராயானின் சாம்பல் அவருடைய வெற்றித்தூணின் அடிப்பீடத்தில் வைக்கப்பட்டது. மற்றவர்கள், எத்தனை பெரிய குடும்பமானாலும், வாயிலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆனால் வெளியே போ என்று சொன்ன சட்டம் சாலையோரத்துக்குப் போ என்று சொல்லவில்லை. அது குடும்பங்களே விரும்பி எடுத்த முடிவு. அப்பியா சாலையில் நாள்தோறும் படைவீரரும் வணிகரும் தூதரும் தென்னாட்டு உழவரும் நடந்தார்கள். அத்தனை பேர் கண்ணிலும் பெயர் பட வேண்டும் என்பதே நோக்கம். ரோமானியக் கல்லறைக் கல்வெட்டுகளில் பல வழிப்போக்கரை விளித்துப் பேசுகின்றன: நில், படி, என் பெயரைச் சொல்லிவிட்டுப் போ என்கிற தொனி. படிக்கிறவர் வாய்விட்டுப் படிப்பது அன்றைய வழக்கம் என்பதால், கல்வெட்டைப் படித்த ஒவ்வொருவரும் இறந்தவரின் பெயரைத் தம்மையறியாமலே ஒருமுறை உச்சரித்தார்.

இதன் பின்னால் ஒரு வழிபாடும் இருந்தது. இறந்தவர்கள் மானேஸ் எனப்படும் முன்னோர் தெய்வக் கூட்டத்தில் சேர்கிறார்கள் என்பது ரோமானிய நம்பிக்கை. கல்வெட்டுகளின் தலைப்பில் காணும் இரண்டு எழுத்துகள் அந்தத் தெய்வங்களுக்கு உரியது இந்த இடம் என்று அறிவிப்பவை. பிப்ரவரி 13 முதல் 21 வரை பரெந்தாலியா என்ற முன்னோர் நாட்கள். குடும்பங்கள் நகர வாயிலைக் கடந்து கல்லறைக்கு வந்து பூமாலையும் உப்பும் தானியமும் மதுவில் நனைத்த ரொட்டியும் படைத்தன. அந்நாட்களில் கோயில்கள் அடைக்கப்பட்டிருந்தன, திருமணம் நடத்துவதில்லை. 22-ஆம் நாள் உயிரோடிருக்கும் உறவினர் கூடி விருந்துண்டார்கள். சில கல்லறைகளில் தரையிலிருந்து சாம்பல் கலயம் வரை ஒரு குழாய் இறங்குகிறது. மதுவும் பாலும் அதன் வழியே ஊற்றப்பட்டன. திதி கொடுத்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இதில் வியக்க ஒன்றுமிராது. வேறுபாடு இடத்தில்தான்: இங்கே ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் நடப்பது, அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில், வண்டிகள் போய்க்கொண்டிருக்க நடந்தது.

படைக்காவிட்டால் என்ன? இறந்தவர் பசியோடு அலைவார் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். மே மாதம் 9, 11, 13 ஆகிய நாட்களின் நள்ளிரவில் குடும்பத் தலைவர் வெறுங்காலோடு எழுந்து, கறுப்பு மொச்சையைத் திரும்பிப் பாராமல் பின்னே எறிந்து, அலையும் ஆவிகளை வீட்டை விட்டுப் போகச் சொல்லும் சடங்கு ஒன்று இருந்தது. பிப்ரவரிச் சடங்கு அன்பால் நடந்தது என்றால் மே மாதச் சடங்கு அச்சத்தால் நடந்தது. இறந்தவரைப் பற்றிய மனிதரின் எண்ணம் ஒருபோதும் ஒரே நிறமாக இருந்ததில்லை.

ரோமானியச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசியது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் கையுஸின் பாடநூல், மேலுலகத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிட்டவை ஒரு வகை, மானேஸ்களுக்கு விடப்பட்டவை மறுவகை என்று பிரிக்கிறது. ஒருவர் தம் சொந்த நிலத்தில் உரிமையோடு ஒரு பிணத்தைப் புதைத்த கணமே அந்த இடம் இரண்டாவது வகையில் சேர்ந்துவிடும். அதன்பின் அது யாருடைய சொத்தும் அல்ல. விற்க முடியாது, வாங்க முடியாது. ஆகவேதான் பல கல்லறைகளில் முகப்பில் இத்தனை அடி, உட்புறம் இத்தனை அடி என்று அளவு வெட்டப்பட்டிருக்கிறது. இந்தக் கல்லறை வாரிசுகளின் சொத்தோடு போகாது என்ற வாசகமும் சுருக்கெழுத்தில் அடிக்கடி வரும். கல்லறையைச் சிதைப்பவர் அரசுக் கருவூலத்துக்கு இவ்வளவு தண்டம் கட்ட வேண்டும் என்று எழுதிவைத்தவர்களும் உண்டு. இந்த வரிகளை எழுதச் சொன்னவர்கள் எல்லோரும், தாம் இல்லாத ஒரு காலத்தில் தம் விருப்பம் செல்லுபடியாக வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள்.

மூன்றாம் மைலில் நிற்கும் செசிலியா மெத்தெல்லாவின் கல்லறைதான் சாலையிலேயே பெயர் பெற்றது. சதுர மேடையின் மீது சுமார் 30 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கோபுரம். சுற்றிலும் மாலைகளும் காளைமாட்டு மண்டையோடுகளும் செதுக்கிய பட்டை. அந்த மண்டையோடுகளை வைத்தே இந்த இடத்துக்குக் ‘காளைத் தலை’ என்ற பொருளில் ஊர்ப்பெயர் வந்தது. இத்தனை பெரிய கட்டடத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருப்பது இரண்டே செய்திகள்: கிரேத்தாத் தீவை வென்ற மெத்தெல்லுஸின் மகள், கிராசுஸின் மனைவி. எத்தனை வயதில் இறந்தாள், எப்படிப்பட்டவள், யாருக்காவது அவள் மேல் பிரியம் இருந்ததா, ஒன்றும் இல்லை. 1817-இல் ரோமுக்கு வந்த ஆங்கிலக் கவிஞர் பைரன் இந்தக் கல்லறையின் முன் நின்று யார் இவள் என்று கேட்டுக் கேட்டு நீண்ட செய்யுள் எழுதியதற்கு அந்த மௌனமே காரணம். கல்லறை பேசுவது இரண்டு குடும்பத்து ஆண்களின் பெருமையை. இறந்தவளுக்குச் செய்த கடன் என்று இதைச் சொல்ல நிறையவே தாராள மனம் வேண்டும்.

இன்னும் தெற்கே போனால் வேறு வகையான கல் ஒன்று வருகிறது. ரபீரியுஸ் குடும்பத்துக் கல்லறைப் பலகை. சாலையில் நிற்பது வார்ப்பு. மூலம் ரோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சன்னலில் எட்டிப் பார்ப்பதைப் போல மார்பளவு உருவங்கள் மூன்று. இடப்பக்கம் ஹெர்மொதோருஸ் என்ற ஆண், ரோமானியக் குடிமகனுக்குரிய தோகாவில். நடுவில் தெமாரிஸ் என்ற பெண், முக்காடிட்டு. வலப்பக்கம் உசியா பிரீமா. அவள் எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் பூசாரி என்று கல்வெட்டு சொல்கிறது. அவள் தலைக்கு அருகே ஐசிஸ் வழிபாட்டில் ஆட்டும் கிலுகிலுப்பையும் படையல் கிண்ணமும் செதுக்கப்பட்டுள்ளன. முதல் இருவரின் கிரேக்கப் பெயர்கள் அவர்கள் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. அடிமைக்குச் சட்டப்படி தந்தை கிடையாது, முன்னோர் கிடையாது, குடும்பம் கூடக் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் சாலையோரத்தில் தம் முகத்தைக் கல்லில் வைத்து, இதோ எங்களுக்கும் ஒரு பெயர் உண்டு என்று சொல்லும்போது கல்லறை வேறு பொருள் பெறுகிறது. மெத்தெல்லாவின் கோபுரத்தைவிட இந்தச் சிறு பலகையே நெஞ்சைத் தொடுகிறது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாவது முகம் முதலில் இருந்ததல்ல. வேறொருவரின் உருவத்தைப் பின்னாளில் சீவித் திருத்தி உசியா பிரீமாவாக ஆக்கியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் முடிவு. பெயரை நிலைக்கவைக்க எழுப்பிய கல்லிலேயே ஒருவர் பெயரும் முகமும் இழந்திருக்கிறார்.

இந்தக் கல்லறைகளை வைத்து மெய்யியல் விவாதம் நடத்தியவர் ரோமானிய அரசியலாளரும் பேச்சாளருமான சிசெரோ. கி.மு. 45 பிப்ரவரியில் அவருடைய மகள் துல்லியா பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்தாள். அந்த ஆண்டு அவர் எழுதிய ‘தஸ்குலும் உரையாடல்கள்’ நூலின் முதல் பகுதி சாவு தீமையா என்ற கேள்வியைப் பேசுகிறது. சாவு தீமைதான் என்கிறார் உரையாடலில் வரும் இளைஞர். யாருக்குத் தீமை? இறந்துவிட்டவருக்கும், இறக்கப் போகிறவருக்கும். அப்படியானால் இறந்தவர்கள் துன்பத்தில் இருக்கிறார்களா? ஆம் என்கிறார் இளைஞர். உடனே சிசெரோ சாலையைக் காட்டுகிறார்: கப்பேனா வாயிலைக் கடந்து வெளியே வருகிறாய், ஸ்கிப்பியோக்கள், செர்வீலியுஸ்கள், மெத்தெல்லுஸ்களின் கல்லறைகளைப் பார்க்கிறாய், அவர்கள் துன்பப்படுகிறார்கள் என்றா நினைக்கிறாய்? கப்பேனா வாயில் அப்பியா சாலையின் தொடக்கம்.

இளைஞர் பின்வாங்குகிறார்: அவர்கள் இல்லாமல் போனதே துன்பம். சிசெரோ விடவில்லை. ஒருவர் துன்பப்படுகிறார் என்றால் அவர் இருக்க வேண்டும். இல்லை என்று சொன்ன வாயால் துன்பப்படுகிறார் என்றும் சொன்னால் ஒருவரை இருப்பவராகவும் இல்லாதவராகவும் ஒரே மூச்சில் ஆக்குகிறாய். தர்க்கம் எளியது, கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸின் பள்ளியில் அது முன்பே கூர்மையாக்கப்பட்டது. உணர்வு அழிந்தபின் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றார் எபிகூரஸ். அவர் வழிவந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் அதோடு ஒன்றைச் சேர்த்தார்: பிறப்பதற்கு முன் கழிந்த எல்லையற்ற காலத்தை எண்ணி யாரும் அழுவதில்லை, இறந்தபின் வரும் காலமும் அதைப் போன்றதே.

இறந்தவர் துன்பப்படவில்லை என்பதை இந்த வாதம் காட்டிவிடுகிறது என்றே கொள்ளலாம். ஆனால் அவருக்கு இழப்பே இல்லை என்று காட்டிவிட்டதா? 1970-இல் மெய்யியலாளர் தாமஸ் நேகல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் பிடித்தது. முதுகுக்குப் பின்னால் ஏமாற்றப்பட்டவருக்கு அது கடைசிவரை தெரியாமலே போகலாம். தெரியவில்லை என்பதால் தீங்கு நேரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. தீங்கு உணரப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்கு நெடுங்காலம் முன்பே அரிஸ்டாட்டில், ஒருவருடைய பிள்ளைகள் சீரழிந்தால் அது இறந்துபோனவரின் நல்வாழ்வைப் பாதிக்குமா என்று கேட்டு, ஓரளவு பாதிக்கலாம், ஆனால் மகிழ்ந்து வாழ்ந்தவரை அப்படி வாழாதவராக்கும் அளவுக்கு அல்ல என்று தயங்கித் தயங்கி விடை சொன்னார். அந்தத் தயக்கத்துக்கு மதிப்பு உண்டு.

வாதத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளியை எபிகூரஸே காட்டிவிட்டுப் போனார். அவருடைய உயில் கிடைத்திருக்கிறது. தம் பிறந்தநாளை ஆண்டுதோறும் கொண்டாட வேண்டும், மாதந்தோறும் 20-ஆம் நாள் சீடர்கள் கூடித் தம்மை நினைக்க வேண்டும் என்று அதில் பணம் ஒதுக்கியிருக்கிறார். சாவு நமக்கு ஒன்றுமில்லை என்றவருக்கு இது எதற்கு என்று சிசெரோ கிண்டல் செய்தார். கிண்டல் செய்தவர் நிலையும் அப்படித்தான். துல்லியாவுக்குக் கல்லறை என்று சொல்ல மனம் வராமல் கோயில் போன்ற ஒன்றை எழுப்ப அவர் இடம் தேடி அலைந்தார். நிலம் வருங்காலத்தில் கைமாறினாலும் அந்த இடம் புனிதமாகவே நிற்க வேண்டுமே என்ற கவலை அவர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கட்டடம் எழும்பியதற்குச் சான்று இல்லை.

அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்தது அட்டிக்குஸ் என்ற நண்பருக்கு. அவர் எபிகூரஸின் நெறியைப் பின்பற்றியவர். கி.மு. 32-இல் தீராத நோய் வந்தபோது உணவை நிறுத்தி உயிர்விட்டார். ஆடம்பரம் எதுவும் கூடாது என்று சொல்லிவைத்திருந்தபடி சிறிய கட்டிலில் தூக்கிவந்து, அப்பியா சாலையின் ஐந்தாம் மைலில் மாமனுடைய கல்லறையிலேயே அவரை வைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் நெப்போஸ் எழுதுகிறார். ஊர்வலம் வேண்டாம் என்றவரின் பின்னால் பெருங்கூட்டம் வந்ததாம். சாவு ஒன்றுமில்லை என்று நம்பியவர் குடும்பக் கல்லறையில் தம் இடத்தை மறுக்கவில்லை. இதை முரண்பாடு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. உயில் எழுதுகிறவர் உயிரோடிருக்கிறார். வாக்குக் கொடுப்பவரும் உயிரோடிருக்கிறார். வாங்கியவர் போய்விட்டார் என்பதால் வாக்கு காலாவதி ஆவதில்லை. கடன் இன்றைய சாம்பலுக்கு அல்ல, அன்றிருந்த ஆளுக்கு. இப்படிப் பார்த்தால் எபிகூரஸின் தர்க்கமும் நிற்கிறது, அவருடைய உயிலும் நிற்கிறது.

இந்தச் சாலையில் கல்லறை இல்லாமல் இறந்தவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சி கி.மு. 71-இல் முறியடிக்கப்பட்டபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை இந்தச் சாலை நெடுகிலும் சிலுவையில் அறைந்தார்கள் என்று அப்பியான் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். சாலையின் நீளத்தை வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 32 மீட்டருக்கு ஒரு சிலுவை. ஆணையிட்டவர் மார்க்குஸ் லிசினியுஸ் கிராசுஸ். செசிலியா மெத்தெல்லாவின் கணவராகக் கருதப்படுபவர் அவருடைய மகன். வழிப்போக்கர் பார்க்க வேண்டும் என்ற அதே எண்ணத்தில்தான் கல்லறையும் எழும்பியது, சிலுவையும் நடப்பட்டது. சிலுவையில் அறையப்பட்ட அடிமைகளின் உடலை அடக்கம் செய்ய விடாமல் அழுகவிடுவது தண்டனையின் ஒரு பங்கு. இறந்தபின் உடலுக்கு நேர்வது உயிரோடிருக்கும்போதே மனிதருக்குப் பொருட்டு என்பதைத் தண்டித்தவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். பொருட்டில்லை என்றால் தண்டனையில் அதைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

கி.பி. 60-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைதியாக ஒருவர் இந்தச் சாலையில் ரோமுக்கு வந்தார். புத்தேயோலித் துறைமுகத்தில் இறங்கிய பவுலைச் சந்திக்க ரோமிலிருந்த கிறிஸ்தவர்கள் அப்பியுபுரத்துக்கும் மூன்று சத்திரத்துக்கும் எதிர்கொண்டு வந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 28-ஆம் அதிகாரம் சொல்கிறது. இரண்டும் அப்பியா சாலையிலிருந்த தங்குமிடங்கள். பேதுருவைப் பற்றிய கதை இதைவிடப் பெயர்பெற்றது: ரோமை விட்டுத் தப்பியோடும் வழியில் இயேசுவை எதிரில் கண்டு, ஆண்டவரே எங்கே போகிறீர் என்று கேட்டுத் திரும்பிப் போய் உயிர்கொடுத்தார் என்பது. அது விவிலியத்தில் இல்லை. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பேதுருவின் பணிகள்’ என்ற நூலிலிருந்து வந்தது. அந்த இடத்தில் 17-ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. உள்ளே காட்டப்படும் பாதச் சுவடுள்ள கல் நகல். மூலக்கல் புனித செபஸ்தியார் பேராலயத்தில் உள்ளது. பயணம் நல்லபடி முடிந்ததற்குப் பழைய தெய்வம் எதற்கோ யாரோ செலுத்திய காணிக்கைக் கல்லாக அது இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. பக்தர்கள் அதனால் கலங்குவதாகத் தெரியவில்லை.

கிறிஸ்தவர்களின் விடை பேதுருவின் கதையைச் சொல்லும் அந்தச் சிற்றாலயத்தைத் தாண்டியதும் நிலத்துக்கடியில் தொடங்குகிறது. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து அவர்கள் நிலத்தடி இடுகாடுகளை அமைத்தார்கள். புனித கல்லிஸ்துஸ் இடுகாடு நான்கு அடுக்குகளாக, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சுரங்கப் பாதைகளோடு விரிந்துள்ளது. சுவர்களில் அலமாரித் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் நீளக் குழிகள். உடலைத் துணியில் சுற்றி வைத்து, ஓடோ சலவைக்கல்லோ கொண்டு மூடிச் சுண்ணாம்பு பூசினார்கள். பெரும்பாலான குழிகளில் பெயர் கூட இல்லை. இருந்தால் ஒரு பெயர், அமைதியில் என்று ஒரு சொல், ஒரு மீனோ நங்கூரமோ புறாவோ. துன்புறுத்தலுக்கு அஞ்சி அவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடங்கள் இவை என்பது நாவல்களும் திரைப்படங்களும் பரப்பிய கதை. இவை அரசுக்குத் தெரிந்தே இயங்கிய இடுகாடுகள். யூதர்களும் இதே சாலையோரத்தில் இதே முறையில் அடக்கம் செய்தார்கள். 1859-இல் கண்டுபிடிக்கப்பட்ட அவர்களுடைய இடுகாட்டில் ஏழு கிளை விளக்கு வரைந்த கிரேக்கக் கல்வெட்டுகள் உள்ளன.

கல்லிஸ்துஸ் முதலில் அடிமை. திருத்தந்தை செபிரினுஸ் அவரை இந்த இடுகாட்டின் பொறுப்பில் வைத்தார். 217-இல் கல்லிஸ்துஸே திருத்தந்தை ஆனார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பாலானவை அவரை வெறுத்த ஒருவர் எழுதியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1854-இல் தொல்லியலாளர் தெ ரோஸ்ஸி இந்த இடுகாட்டில் 3-ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் ஒன்பது பேரின் அறையைக் கண்டுபிடித்தார். அதைச் சுற்றிப் பெயரில்லாத ஏழைகளின் குழிகள் அடுக்கடுக்காக உள்ளன. கிறிஸ்தவர்கள் தம் பொது உண்டியலிலிருந்து ஏழைகளை அடக்கம் செய்கிறார்கள் என்று 197-ஐ ஒட்டி எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியான் பெருமைப்பட்டார். இதில் கிறிஸ்தவர்கள் முற்றிலும் புதியவர்கள் என்று சொல்ல முடியாது. பேரரசர் அகஸ்துஸின் மனைவி லிவியாவின் அடிமைகளுக்கும் விடுதலை பெற்றவர்களுக்கும் அப்பியா சாலையருகே கட்டிய கலயக் கூடத்தில் ஆயிரக்கணக்கானோர் சாம்பலுக்கு மாடம் இருந்தது. சந்தா கட்டி அடக்கச் செலவை ஏற்கும் சங்கங்களும் ரோமில் நிறைய இருந்தன.

மாறியது பார்வையாளர். மேலே சாலையோரத்தில் நிற்கும் கல், வழிப்போக்கரின் கண்ணுக்காகக் காத்திருந்தது. கீழே உள்ள குழிக்கு அந்தக் கண் தேவைப்படவில்லை. உடல் உயிர்த்தெழும் வரை உறங்குகிறது. உறங்குகிறவரின் பெயர் கடவுளுக்குத் தெரியும். பெயர் எழுதாமல் மூடியும் மன அமைதியோடு திரும்பிப் போக இந்த நம்பிக்கை இடம் கொடுத்தது. அடிமையின் முகம் கல்லில் ஏற வேண்டிய கட்டாயத்தையும் அது தளர்த்தியது.

ஆனால் பழைய வழக்கங்கள் அத்தனை எளிதில் விடவில்லை. புனித செபஸ்தியார் ஆலயத்தின் அடியில் 3-ஆம் நூற்றாண்டு விருந்து மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் நூற்றுக்கணக்கானோர் பேதுருவையும் பவுலையும் வேண்டிக் கிறுக்கிவைத்திருக்கிறார்கள்; அவர்கள் நினைவாக விருந்துண்டதையும் குறித்திருக்கிறார்கள். இறையியலாளர் அகுஸ்தீனின் தாய் மோனிக்காவும் மிலான் நகரில் வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கஞ்சியும் ரொட்டியும் மதுவும் கொண்டுபோனாள். ஆயர் அம்புரோஸ் தடை செய்திருப்பதாக வாயிற்காவலர் சொன்னதும் மறு பேச்சின்றி நிறுத்திக்கொண்டாள் என்று மகன் எழுதுகிறார்.

அந்த மகனே 421-ஐ ஒட்டிய ஆண்டில் இறந்தவருக்கான கடனைப் பற்றித் தனி நூல் எழுதினார். நோலா நகர ஆயர் பவுலினுஸ் கேட்ட கேள்வி அதற்குக் காரணம்: ஒருவரைப் புனிதரின் கல்லறையருகே அடக்கம் செய்தால் அவருக்குப் பயன் உண்டா? இடத்தால் பயன் இல்லை என்றார் அகுஸ்தீன். அடக்கச் சடங்கு இறந்தவருக்கு உதவி என்பதைவிட இருப்பவருக்கு ஆறுதல். அடக்கம் கிடைக்காமல் போனவருக்கும் அதனால் கேடில்லை. புனிதரின் அருகில் அடக்கம் செய்வதால் வரும் ஒரே நன்மை, அந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் உறவினர் வேண்டிக்கொள்வது. இறந்தவர் நம் வீட்டு நிகழ்ச்சிகளை அறிகிறாரா என்பதற்கு அவர் சொன்ன விடை இது: அறிய முடியும் என்றால், தம் தாய் ஓர் இரவு கூடத் தம்மை வந்து பார்க்காமல் இருக்கமாட்டாள் என்றார். அதே மூச்சில் உடலை மரியாதையோடு அடக்கம் செய்வதை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. தந்தையின் மோதிரமும் உடையுமே பிள்ளைக்கு அருமையானவை என்றால், அவர் அணிந்திருந்த உடல் எத்தனை அருமையானது என்று கேட்டார். எபிகூரஸுக்கும் ரோமானியக் குடும்பத்துக்கும் நடுவில் நிற்கும் விடை இது. இந்தச் சாலையை ஒட்டி எழுந்த விடைகளில் இதுவே முழுமையானது என்று சொல்லலாம்.

பாமர பக்தி அகுஸ்தீனைக் கேட்டு நடக்கவில்லை. வேதசாட்சிகளின் எலும்பருகே இடம் பிடிக்கப் போட்டி நடந்தது. பிணத்தை நகருக்கு வெளியே வைக்க வேண்டும் என்று 381-இல் கூடப் பேரரசு ஆணை பிறந்தது; பயனில்லை. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை பாஸ்கால் உள்ளிட்டோர் இடுகாடுகளிலிருந்து எலும்புகளைத் திரட்டி நகரத்து ஆலயங்களில் வைத்தார்கள். பன்னிரண்டு பலகைச் சட்டம் வகுத்த எல்லை அதோடு மறைந்தது. அப்பியா சாலையின் இடுகாடுகளும் மறக்கப்பட்டன.

மேலே இருந்த கல்லறைகளின் கதி இன்னும் மோசம். யாருடைய சொத்தும் அல்ல என்ற சட்டம் போனதும் அவை எல்லோருடைய சொத்தும் ஆயின. சலவைக்கல்லை உரித்துச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். மெத்தெல்லாவின் கல்லறையை 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயெத்தானி குடும்பம் கோட்டையாக்கி, சாலையில் போகிறவர்களிடம் சுங்கம் வாங்கியது. இன்று உச்சியில் தெரியும் பல்வரிசை மதில் அவர்கள் கட்டியது. இன்னும் தெற்கே உள்ள மிகப் பெரிய வட்டக் கல்லறையின் மேல் ஒரு பண்ணைவீடு ஏறி உட்கார்ந்திருக்கிறது. நல்ல சிற்பங்கள் அருங்காட்சியகங்களுக்கும் பிரபுக்களின் மாளிகைகளுக்கும் போயின.

இந்த வழக்கத்தை முதலில் மீறியவர்களில் சிற்பி கனோவா ஒருவர். 1808-இல் செர்வீலியுஸ் என்பவரின் கல்லறைத் துண்டுகள் கிடைத்தபோது அவற்றை எடுத்துச் செல்லாமல், அங்கேயே செங்கற்சுவர் எழுப்பி அதில் பதித்தார். வழக்கத்துக்கு மாறாக இடத்திலேயே விட்டதாக அவர் எழுதிவைத்த வாசகம் அந்தச் சுவரில் இன்றும் இருக்கிறது. 1850 முதல் 1853 வரை திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் காலத்தில் கட்டடக் கலைஞர் லூயிஜி கனீனா அதே முறையில் பிரத்தோக்கியே வரை சாலையைத் தோண்டித் துண்டுகளைச் சுவர்களில் பதித்தார். ஆகவே இன்று பழைமை என்று பார்க்கப்படுவதில் ஒரு பங்கு 19-ஆம் நூற்றாண்டின் அடுக்கல். எந்தத் துண்டு யாருடையது என்பது பல இடங்களில் ஊகம்.

அடுத்த ஆபத்து வீட்டுமனைகளாக வந்தது. 1953-இல் பத்திரிகையாளர் அந்தோனியோ செதர்னா, சாலையோரத்தில் மாளிகை கட்டிக்கொண்டிருந்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று தலைப்பிலேயே சாடிக் கட்டுரை எழுதினார். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1965-இல் சுமார் 2,500 ஹெக்டேர் நிலம் பொதுப் பூங்காவுக்கு என்று ரோம் நகரத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டது. 1988-இல் வட்டாரப் பூங்கா சட்டப்படி அமைந்தது. 2024 ஜூலையில் யுனெஸ்கோ சாலையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் பூங்கா எல்லைக்குள் உள்ள நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. கல்லறைகள் சில மாளிகைத் தோட்டங்களின் மதிலுக்குள் இருக்கின்றன. சாலையில் போகிறவர் அவற்றைப் பார்க்க முடியாது. ரோமானியச் சட்டத்தில் நிலத்தை விற்றாலும் அதிலுள்ள கல்லறைக்குப் போய்வரும் வழியுரிமையைக் குடும்பம் தனக்கென நிறுத்திவைத்துக்கொள்ள முடிந்தது. வழியே இல்லாத கல்லறைக்கு நியாயமான விலை வாங்கிக்கொண்டு வழிவிடும்படி பக்கத்து நிலக்காரரை அதிகாரி கட்டாயப்படுத்தவும் முடிந்தது. அந்த ஒரு விஷயத்தில் பழைய சட்டமே மேல்.